கவிழ்த்த கூடை

"கூடைக்கு வேற டிக்கெட் எடுக்கிறீங்களாண்ணே, இல்ல மடியிலேயே வச்சுக்கிறீங்களா?"

பூண்டுலோயா பஸ்ஸின் கண்டக்டர் கேட்டதும் முன் சீட்டிலிருந்து பின் சீட்டுவரை சிரிப்புப் பரவியது.

"மடியிலதான் இருக்கும். நீ மிச்சக் காசக் குடு," என்றான் பிரதாப்.

அவன் மடியில் இருந்தது ஒரு தேயிலைக் கொழுந்துக் கூடை. எத்தனையோ தோட்டங்களில் இப்போது நைலோன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கொழுந்து பறிக்கிறார்கள். பிரதாப்பின் தோட்டத்தில் இன்னும் கூடைதான். ஆனால் இது வழக்கமான கூடை அல்ல. விளிம்பைச் சுற்றி உட்புறமாக, கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலையை மடித்துச் செருகியிருந்தான். வலையின் நுனியில் சுருக்குக் கயிறு. கூடு கலைந்து குளவி வந்தால், கொழுந்தைக் கீழே கவிழ்த்துவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். வலை தானாகத் தோள்வரை விழும். சுருக்கை இழுத்தால் ஒரு குளவியும் உள்ளே நுழையாது. கூடை விறைப்பாக நிற்பதால் வலை முகத்தில் ஒட்டாது. ஒட்டினால் குளவி வலைக்கு வெளியே உட்கார்ந்தே கொட்டிவிடும்.

தோட்டத்துத் தொழிற்சாலையில் பிரதாப் ஃபிட்டர். 'கூடை சயன்டிஸ்ட்' என்று அங்கே அவனுக்குப் பட்டப்பெயர். கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியும், அவன் அதைச் செய்தது விளையாட்டுக்காக அல்ல என்று. நாலாம் நம்பர் மலையில் குளவி கொட்டி அவன் மனைவி சர்மிளா இறந்து இரண்டு வருடமாகப் போகிறது.

கூடைக்குக் காப்புரிமை கேட்டுக் கொழும்புக்கு விண்ணப்பம் போயிருந்தது. வந்த பதிலை ஹட்டன் வக்கீல் டோரீன்தான் படித்து விளக்கினாள். கூடை பழைய பொருள். தேனீ வளர்ப்பவர்கள் போடும் வலைத் தொப்பியும் பழைய பொருள். இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது இந்தத் தொழில் தெரிந்த எந்தச் சாதாரண ஆளுக்கும் தோன்றக்கூடியதே. ஆகவே இதைக் கண்டுபிடிப்பு என்று ஏற்க முடியாது.

'எந்தச் சாதாரண ஆளுக்கும்' என்ற இடம் வந்தபோது பிரதாப் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"அப்ப எம் பொஞ்சாதி மட்டும் என்ன அறிவு கெட்டவளா மிஸ்? எல்லாருக்கும் தோணுறது அவளுக்குத் தோணலையா? மலையில செத்தவங்க ஒருத்தருக்குமா தோணல?"

டோரீன் கடிதத்தை மடித்து வைத்தாள். அவளுடைய அப்பா அம்மாவும் தோட்டத்து ஆட்கள்தான். "அண்ணா, நீங்க கோவமாக் கேட்டது நல்ல கேள்வி. அதையே அங்கயும் கேப்போம்," என்றாள்.

அப்படித்தான் இன்றைய விசாரணை ஏற்பாடானது. கொழும்பிலிருக்கும் காப்புரிமைப் பரிசோதகர் கணினித் திரையில் வருவார். இவர்கள் டோரீனின் அறையிலிருந்து பேச வேண்டும். காப்புரிமை கிடைத்தால் பணம் வருமா என்று பிரதாப் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. 'எந்தச் சாதாரண ஆளுக்கும்' என்ற அந்த ஒரு வரியை அடித்து நீக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு சீட் தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜீவராணியை அவன் திரும்பிப் பார்த்தான். அவள்தான் சாட்சி. குளவி கலைந்த அன்று சர்மிளாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள். அவளும் நிறையக் கொட்டு வாங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள்.

சர்மிளாவுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. தண்ணீர்ப் பீலியில் யார் குடத்தை யார் நகர்த்தியது என்று ஒருநாள் தொடங்கிய சண்டை அது. "ஒங் கொடம் என்ன தங்கத்துலயா செஞ்சது?" என்று சர்மிளா கேட்க, "தங்கமோ தகரமோ, ஒங் கைபட்டா கழுவித்தான் வைக்கணும்," என்று ஜீவராணி சொல்ல, தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசிவரை பேசவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"சிநேகிதியா இல்லாததே நல்லது. அழுது மெழுகாம உள்ளதச் சொல்லுவாங்க," என்று சொல்லிவிட்டாள் டோரீன். ஜீவராணி இரண்டு தடவை மாட்டேன் என்றாள். மூன்றாம் தடவை, ஏனென்று தெரியவில்லை, சரி என்றாள்.

ஹட்டனில் இறங்கி நடக்கும்போது அவள் கேட்டாள்: "அண்ணே, நான் என்னத்தச் சொல்லணும்?"

"பாத்ததச் சொல்லு. கொழுந்து பறிக்கிறவ நெறஞ்ச கூடையக் கவுக்க மாட்டான்னு சொல்லு. போதும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

சொல்ல என்ன இருக்கிறது? தோட்டத்துக்கே தெரிந்த கதை. குளவியை விரட்டத் தீப்பந்தத்தோடு முதலில் ஓடியவர் கங்காணி அழகன்தான். செடிகளுக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டிய கானுக்குள் சர்மிளா கிடந்தாள். பக்கத்தில் ஒரு கூடை, அதில் பாதிக் கொழுந்து. சுற்றிலும் சிதறிய கொழுந்து. அவளுடைய இரண்டு கையிலும் இறுகப் பிடித்த கொழுந்து. அழகன் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். மற்றதைத் தோட்டம் சொல்லிக்கொண்டது. கூடை சாய்ந்துவிட்டது, குளவி கொட்டக் கொட்டச் சிந்திய கொழுந்தை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள், பாவி.

பிரதாப்பும் அதையேதான் நம்பினான். பெட்டியை மூடுவதற்கு முன்னால், "கொழுந்துதான் பெருசாப் போச்சாடி ஒனக்கு?" என்று பிணத்தைப் பார்த்துக் கத்தினான். பெண்கள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அன்று அவன் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கோபத்தில்தான் கூடையைச் செய்தான்.

டோரீனின் அறை மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. திரையில் பரிசோதகர் ஞானரட்ணம் தோன்றினார். கொழும்பு மின்விசிறி அவருடைய நரைமயிரைக் கலைத்துக்கொண்டிருந்தது. இங்கே டோரீன் ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.

"முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்," என்றார் அவர். "நான் எழுதியது முடிந்த முடிவு அல்ல. இரண்டு பழைய பொருட்களைச் சேர்த்தாலே அது கண்டுபிடிப்பாகாது என்று சட்டம் சொல்லவில்லை. உலகத்தில் புதிதாக வந்தவற்றில் முக்கால்வாசி பழையவற்றைச் சேர்த்ததுதான். இந்த இரண்டையும் சேர்க்கலாம் என்று இந்தத் தொழிலில் இருக்கிற சாதாரண ஒருவருக்குத் தோன்றியிருக்குமா என்பதுதான் கேள்வி. தோன்றியிருக்காது என்று காட்டினால், என் கருத்தை மாற்றிக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை."

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பிரதாப்புக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சண்டை போட வந்திருந்தான்.

டோரீன் கூடையை மேசைமேல் வைத்தாள். "சார், தேனீ வளர்க்கிறவர் வேலைக்குப் போகும்போதே தொப்பியோட போறார். கொழுந்து பறிக்கிறவங்களுக்குக் கூடை தலையில கவிழ்க்கிற பொருள் இல்ல. அது அவங்களோட அன்றைய நாள். காலையிலிருந்து பறிச்ச கொழுந்தை நிறுவைக்கு முன்னால மண்ணுல கவிழ்க்கிறதுங்கறது அவங்க நினைப்புக்கே வராது. கவிழ்த்தா அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம்தான்; ஏச்சும் விழும். தொழில் தெரியாத உங்களுக்கும் எனக்கும் இது சுலபமாத் தோணலாம். தொழில் தெரிஞ்சவங்களுக்குத்தான் தோணாது. பழக்கமே அந்த வழிய அடைச்சு வச்சிருக்கு."

ஞானரட்ணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல வாதம். இதை நான் யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெறும் வாதமா, ஆதாரம் உண்டா?"

"உண்டு சார். விண்ணப்பதாரருடைய மனைவியே ஆதாரம்." டோரீன் குரலைத் தாழ்த்தி, கான், கொழுந்து, கை என்று எல்லாவற்றையும் சொன்னாள். "உயிர் போற நேரத்துலயும் அவங்க கொழுந்தை விடல. கூடையத் தலையில கவிழ்க்கலாம்னு அவங்களுக்குத் தோணவே இல்ல. பக்கத்துல இருந்தவங்க இதோ இருக்காங்க."

பிரதாப் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் கேட்டு வாங்கிய வாதம்தான். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்கும்போது சர்மிளாவைத் தெருவில் நிறுத்தி வைத்ததுபோல இருந்தது.

ஜீவராணி திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அம்மா, பயப்பட வேண்டாம்," என்றார் ஞானரட்ணம். "ஒரே கேள்விதான். கொழுந்து பறிக்கிற ஒருவர், குளவி வந்தாலும்கூட, நிறைந்த கூடையைக் கவிழ்ப்பாரா?"

அவள் பிரதாப்பைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"கவுப்பாங்க சார்."

டோரீன் சட்டென்று குனிந்தாள். "ஜீவராணி, கேள்வி வெளங்கலையா?"

"வெளங்குச்சு மிஸ். சர்மிளாக்கா கவுத்தாங்க. நான் பாத்தேன்."

கீழே மருந்துக் கடையில் யாரோ சிங்களத்தில் இருமல் மருந்து கேட்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"சொல்லுங்கள்," என்றார் ஞானரட்ணம்.

"குளவிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் ரோட்டுப் பக்கம் ஓடிட்டாங்க சார். அக்காவும் ஓடிட்டாங்க. எனக்குக் கால் கானுக்குள்ள பெரண்டு போச்சு, எந்திரிக்க முடியல. கத்தினேன். ஓடினவங்க திரும்பி வந்தாங்க சார். எங்கூட பேச்சே கெடையாது அவங்களுக்கு. வந்து, அவங்க கூடையக் கவுத்து உதறி, எந் தலையில போட்டாங்க. இடுப்புல கட்டியிருந்த படங்க அவுத்து மேல சுத்தினாங்க. கயித்தால கழுத்துக்குக் கீழ இறுக்கிக் கட்டினாங்க."

"படங்கு என்பது?"

"மழைக்கும், செடி குத்தாம இருக்கவும் கட்டுவோமே சார், தடிச்ச பிளாஸ்டிக் சீட்டு."

ஞானரட்ணம் எழுதினார். "பிறகு?"

"பெறகு எங் கூடைய எடுத்தாங்க. அவங்க தலைக்கு மாட்டிக்கத்தான். அது நெறஞ்சிருந்துச்சு. கையால அள்ளி அள்ளி வெளிய போட்டுக்கிட்டிருந்தாங்க. படங்கு இடுக்கு வழியாப் பாத்தேன். அப்புறம்... குளவி அடங்குன பெறகு கூடையக் கழட்டிப் போட்டுட்டு ரோட்டுப் பக்கம் தவழ்ந்து போனேன். அங்கதான் மயக்கம் வந்துருச்சு. அக்கா அப்பவே அசையல சார்."

அள்ளிச் சேர்க்கவில்லை. அள்ளி வெளியே போட்டிருக்கிறாள்.

இரண்டு வருடமாகத் தன் கண்ணுக்குள் வைத்திருந்த அந்தக் கைகளைப் பிரதாப் மறுபடி பார்த்தான். அதே கைகள், அதே கொழுந்து. அவன்தான் எல்லாவற்றையும் தலைகீழாகப் பார்த்துவிட்டான்.

"இதை ஏன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை?" பரிசோதகரின் குரலில் கண்டிப்பு இல்லை.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப அடக்கம் முடிஞ்சிருச்சு சார். கொழுந்துக்காகச் செத்தான்னு எல்லாரும் பேசிட்டாங்க. இல்லன்னு நான் சொன்னா, ஒனக்காகத்தான் செத்தான்னு சொல்லுவாங்கள்ல? எனக்கும் பிள்ளைங்க இருக்கு. அந்த லயத்துலதான் நான் இருக்கணும்." அவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இங்க மிஸ் சொல்லுறதக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல சார்."

டோரீன் ஒலியை நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப் பிரதாப்புக்கு நேராக உட்கார்ந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் வக்கீல் வேலை நிற்கவில்லை.

"அண்ணா, கேளுங்க. இன்னும் வழி இருக்கு. அவங்க செஞ்சது ஒரே ஒரு தடவை, பதட்டத்துல. பார்த்தது ஒரே ஆள். ஊருக்குத் தெரிஞ்ச பொருள்னு அத எடுத்துக்க முடியாது. நீங்க செஞ்சதுல வலை மடிப்பு இருக்கு, சுருக்கு இருக்கு. அதுக்கு மட்டும்னு கேட்டு வாதாடுவேன். பதட்டத்துல செஞ்சது வேற, யோசிச்சுக் கண்டுபிடிச்சது வேறன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பதட்டத்துலயா செஞ்சா?" பிரதாப் மெதுவாகக் கேட்டான். "கூடையக் கவுத்தா. மேல மூடினா. கயிறு கட்டினா. இதையேதான் நான் ஒரு வருசம் உக்காந்து யோசிச்சேன் மிஸ்."

டோரீன் ஒலியைத் திறந்துவிட்டாள்.

"விண்ணப்பதாரர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று கேட்டார் ஞானரட்ணம்.

"நீங்க எழுதினது சரி சார். தொழில் தெரிஞ்சவளுக்குத் தோணியிருக்கு."

திரையில் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, அவசரம் வேண்டாம். சட்டப்படி உங்களுக்கு இன்னும் வாய்ப்பு உண்டு, வக்கீல் சொல்லியிருப்பார். அவகாசம் தருகிறேன்."

"வேணாம் சார். அவளுக்குத் தோணலன்னு எழுதின எந்தக் காயிதத்துலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஞானரட்ணம் தலையை மட்டும் அசைத்தார். சிறிது நேரத்தில் திரை இருண்டது. அந்த ஒரு வரி அப்படியே நின்றுவிட்டது. நிற்கட்டும் என்று சொன்னவனே அவன்தான்.

டோரீன் படிவரை வந்தாள். "நான் அவங்களப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றாள்.

"நான் பேசினதவிடவா மிஸ்?" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

பஸ் நிலையத்தில் ஜீவராணி தள்ளிப்போய் நின்றாள். தலவாக்கலை பஸ் வந்ததும் பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார இடம் இருந்தது.

"இங்க வந்து உக்காரு," என்று கூப்பிட்டான் பிரதாப்.

வந்தாள். ஓரமாக உட்கார்ந்தாள். பஸ் கொட்டகலையைத் தாண்டியது.

"ஏதும் சொன்னாளா?" என்றான் அவன். "கடைசியா."

ஜீவராணி தயங்கினாள். "திட்டினாங்கண்ணே."

"என்னன்னு?"

"'தலைய ஆட்டாதடி மூதேவி, முடிச்சு விழமாட்டேங்குது'ன்னு."

பிரதாப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே சர்மிளாவின் குரல். அந்தக் குரலை இந்த இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவன் நினைத்துப் பார்க்கவில்லை. கோபத்தில் அதுகூட அவனைவிட்டுப் போயிருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணே, இன்னொன்னு இருக்கு. அந்த ஐயாகிட்ட சொல்ல வாய் வரல." அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு பேசினாள். "எங் கூடையில கொழுந்த அமுக்கி வச்சிருந்தேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ரெண்டு நடை நடக்கச் சோம்பேறித்தனம். முழங்கையால குத்திக் குத்தி அமுக்கியிருந்தேன். காலையில மழை வேற. அக்கா மொதல்ல தலைகீழாப் புடிச்சு ஆட்டினாங்க. விழல. கல்லு மாதிரி நின்னுச்சு. அதனாலதான் கையால அள்ளினாங்க. அமுக்காம இருந்திருந்தா ஒரே கவுப்புல விழுந்திருக்கும்."

கொழுந்தை அமுக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். இலை கசங்கி, சூடேறிக் கெட்டுப்போகும். கங்காணி தினமும் கத்துவார். கேட்பவர் யார்?

பிரதாப் மடியிலிருந்த கூடையைப் பார்த்தான். தொழிற்சாலைக்குப் பின்னால் வைத்து இதை எத்தனையோ தடவை சோதித்திருந்தான். உதிரியாகக் கொழுந்தை அள்ளிப் போட்டு, கவிழ்த்து, தலையில் மாட்டி, சுருக்கை இழுத்துப் பார்ப்பான். கொழுந்து தண்ணீர்போலச் சரியும். ஒருநாளும் யாரிடமும் கொடுத்து மலைக்கு அனுப்பியதில்லை. அனுப்பியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மழையில் நனைந்த கொழுந்தை ஒருத்தி முழங்கையால் குத்தி இறுக்கினால், விளிம்பில் இருக்கும் வலை மடிப்பில் அது இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கூடையும் கவிழாது. அன்றைக்கு இது இருந்திருந்தாலும் அவள் கையால்தான் அள்ளியிருப்பாள்.

ஜீவராணி காத்திருந்தாள். அடிவிழப்போகிறது என்பதுபோல் தோளைக் குறுக்கியிருந்தாள்.

"அவளும் அமுக்குவா," என்றான் பிரதாப்.

"அண்ணே..."

"ஏறி மிதிப்பா. அழகங்கிட்ட தெனம் ஏச்சு வாங்குவா. எல்லாரும் அமுக்குறதுதான்."

"அன்னைக்கு அவங்க அப்பத்தான் மடுவத்துல கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு வந்திருந்தாங்க. அதனாலதான் அவங்க கூடை டக்குன்னு விழுந்துச்சு." ஜீவராணி அழ ஆரம்பித்தாள். "அந்தக் கூடையத்தான் எனக்குக் குடுத்துட்டாங்க."

அதோடு பிரதாப்புக்கும் உடைந்தது. முகத்தை மூடிக்கொள்ளக் கை எழவில்லை. கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா ஜீவராணியிடம், "எழவு வீட்டுக்கா போறீங்க?" என்று கேட்டாள். ஜீவராணி ஆமாம் என்று தலையாட்டினாள்.

தலவாக்கலையில் இறங்கி, பூண்டுலோயா பஸ்ஸுக்கு மாறினார்கள். பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் அவன் கேட்டான்:

"ஒங் கூடையில எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?"

"பாதிக்கு மேல அள்ளிட்டாங்கண்ணே."

"பாதிக்கு மேலயா?"

"ஆமாண்ணே. இன்னும் கொஞ்சந்தான் இருந்துச்சு."

தோட்டம் வரும்வரை அவன் வேறெதுவும் கேட்கவில்லை. அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் பதில் சொன்னாள்.